தண்ணி கொதித்த பிறகு தலையில் கை வைப்பதா?



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை இருக்கும், ஹைக்கூ இருக்கும், "இளைஞனே எழுந்து வா" என்று ஒரு முழக்கம் இருக்கும். இதற்கு நடுவில் ரேடியேட்டரைப் பற்றி ஒருத்தன் எழுதுகிறானே, இவனுக்கு வேறு வேலை இல்லையா என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. சிரித்து முடித்ததும் ஒரு நிமிடம் யோசியுங்கள். நம்மில் எத்தனை பேர் வீட்டில், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில், பெயிண்ட் உரிந்த ஒரு பழைய டிராக்டர் நிற்கிறது? எத்தனை வீட்டில் அது ஓடினால்தான் உலை கொதிக்கிறது?

உலை கொதிக்கலாம். ரேடியேட்டர் கொதிக்கக் கூடாது!

"எஞ்ஜின் போச்சு, வயசாயிடுச்சு" என்று சொல்வார்கள். வயதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆயில் மாற்றி, ஃபில்டர் மாற்றி, பிள்ளையைப் போல வைத்திருந்த எஞ்ஜின்கூட ஒரே மத்தியானத்தில் தண்ணீர் வற்றிக் கொதித்து, ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், பிஸ்டன் பிடித்து நின்றுவிடும். இன்னும் பத்து வருடம் உழைக்க வேண்டியது அரைமணி நேரத்தில் போய்விடும். காரணம் என்ன? ஒரு குச்சி! ரேடியேட்டரில் குத்திய ஒரு சுண்டுவிரல் கனக் குச்சி!

நான் சொல்ல வருவது இதுதான். தோப்புக்கும் காட்டுக்கும் போகிற டிராக்டரின் ரேடியேட்டரை, போவதற்கு முந்தின நாளே காக்க வேண்டும். அடிபட்டால் மஞ்சள்தூளைக் கொட்டி ஏமாற்றாமல் முறையாகப் பற்றவைக்க வேண்டும். இந்த இரண்டும் தெரிந்தவர்களாக, டிப்ளமோ படிக்கிற நாம் இருக்க வேண்டும்.

வயல் வேறு, தோப்பு வேறு

நமது திருவையாறு பக்கத்து டிராக்டர்கள் வயலுக்காகப் பிறந்தவை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்குச் சேற்றுழவு. கேஜ் வீலை மாட்டிக்கொண்டு இறங்கினால் சேறு தெறிக்கும். அவ்வளவுதான், குத்துவதற்கு ஒன்றுமில்லை. அறுவடையானதும் வைக்கோல் கட்டுகிற பேலரை இழுக்கும். அப்போது தூசும் சுணையும் ரேடியேட்டர் முகத்தில் போர்வை மாதிரி படியும்.

கோடை வந்தால்தான் வில்லங்கம். அதே டிராக்டரைக் காவிரிப் படுகைக்கும் கொள்ளிடப் படுகைக்கும் தோப்பு வேலைக்கு அனுப்புகிறார்கள். வெட்டிய தென்னையைச் சங்கிலி போட்டு இழுக்க வேண்டும். மூங்கில் குத்தைப் பெயர்க்க வேண்டும். சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும். தரையோடு சாய்வாக வெட்டிவிட்ட மூங்கில் தூர் ஈட்டி மாதிரி நிற்கும். முன்னால் போகும்போது அது கிரில்லில் குத்தும். தப்பினால் அடியில் இருக்கிற பாட்டம் டேங்கைக் கிழிக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது சக்கரம் ஏறிய மட்டை எகிறிவந்து ஃபேனில் மாட்டினால், ஃபேன் அதை உடைத்து ரேடியேட்டர் முதுகிலேயே அடிக்கும்.

ஐரோப்பாவில் காட்டு வேலைக்குப் போகிற டிராக்டருக்கு வயிற்றுக்கடியில் கனத்த இரும்புத் தகடும் முன்னால் இரும்புக் கூண்டும் போட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். நாம்? கோயில் திருநீற்றைப் பூசி, எலுமிச்சம்பழத்தைக் கட்டி அனுப்புகிறோம். திருநீறு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஒரு வலையும் போடுங்கள் என்கிறேன்!

தோப்பு வேலை எப்போதாவது வருகிற வேலைதானே என்று கேட்கலாம். கஜாவை மறந்துவிட்டோமா? 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய அந்தப் புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தலைமுறையாய் வளர்த்த தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. லட்சக்கணக்கான மரங்கள்! விழுந்த மரத்தை அகற்றினால்தான் அடுத்த கன்று வைக்க முடியும். மட்டையும் மரமும் குறுக்கும் நெடுக்கும் கிடக்கிற தோப்புக்குள் டிராக்டர் இறங்காமல் அந்த வேலை எப்படி நடக்கும்? நமது மாவட்டத்தில் புயல் அதுவே முதலும் இல்லை, கடைசியாகவும் இருக்காது.

கருவேலமும் அப்படித்தான். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக ஏரியிலும் வாய்க்கால் கரையிலும் இயந்திரங்கள் இறங்கின. பிறகு வழக்கு வேறு திசையில் போனது. ஆனால் முள் இன்னும் இருக்கிறது, பிடுங்குகிற வேலையும் இருக்கிறது.

சூடு எங்கே போகும்?

நாம் படித்ததுதான், ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். டீசல் எரிந்து வரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்துவந்து ரேடியேட்டரில் இறக்கிவைக்க வேண்டும். ரோட்டில் ஓடுகிற காருக்கு எதிர்க்காற்று கிடைக்கும். லோ கியரில் மரம் இழுக்கிற டிராக்டர் நடக்கிற வேகத்தில்தான் போகும். அதற்கு ஃபேன் காற்றை விட்டால் வேறு கதி இல்லை. அந்தக் காற்றையும் இலையும் தூசும் அடைத்துவிட்டால்?

1900-ம் ஆண்டின் முடிவில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் என்ற பொறியாளர் 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்குத் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செய்தார். அதில் 8,070 சின்னக் குழாய்கள்! அத்தனை குழாய் எதற்கு? காற்று படுகிற பரப்பைப் பெருக்கத்தான். நமது ஊரில் பழைய டாஃபே மாஸி 1035-ம் ஏறக்குறைய அதே 35 குதிரைத்திறன் வகைதான். பார்த்துக்கொள்ளுங்கள், நூற்றிருபது வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. பரப்பு குறைந்தால் சூடு ஏறும். (ஐச்சரின் பழைய டிராக்டர்கள் பலவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. அவை காற்றாலேயே குளிர்கிற எஞ்ஜின்; ரேடியேட்டரே கிடையாது. ஆனால் அதிலும் சிலிண்டரைச் சுற்றியுள்ள விசிறி மடிப்புகளில் தூசு அடைத்தால் இதே கதைதான்.)

பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அதன் மூட்டுகளைப் பிடித்திருப்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்த சால்டர். இதைப் புரிந்துகொள்ள லேப் தேவையில்லை, அம்மாவின் சமையல்கட்டு போதும். கும்பகோணம் பக்கம் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு தெரியுமல்லவா? உள்ளே ரசம் இருக்கிறவரை அடுப்பில் ஒன்றும் ஆகாது. வெறும் சொம்பை வைத்தால் உருகி ஊற்றிவிடும். ஏனென்றால் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளே இருக்கிற ரசம் அதை 100 டிகிரிக்கு மேல் ஏறவிடாது. எஞ்ஜினும் அதேதான். தண்ணீர் இருக்கிறவரை ராஜா. தண்ணீர் போனால் அடுப்பில் வைத்த வெறும் சொம்பு!

பன்னாடை வேண்டும்!

வாத்தியார் நம்மை "பன்னாடை" என்று திட்டினால் கோபம் வரும். நல்லதை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்கிறவன் என்று அர்த்தம். கடைசித் தர மாணவனுக்கு நன்னூல்கூட நெய்யரியைத்தான் உவமை சொல்கிறது. நமக்கு அது அவமானம். ஆனால் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற வலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது! காற்றை விட வேண்டும், கசடைப் பிடிக்க வேண்டும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். முன் கிரில்லுக்கு வெளியே, நாலு விரல் இடைவெளி விட்டு, ஆங்கிள் சட்டத்தில் கனமான வெல்ட்மெஷ் பிடிக்க வேண்டும். இது குச்சிக்கு. அதற்குள்ளே உருவி எடுக்கிற மாதிரி ஒரு மெல்லிய கொசுவலைக் கம்பித் தட்டு. இது இலைக்கும் சுணைக்கும். அடியில், பாட்டம் டேங்கையும் டிரெயின் காக்கையும் மறைக்கிற மாதிரி ஒரு தகடு. சேறு வழிந்துபோக அதில் துளை. ஃபேனைச் சுற்றியுள்ள தகட்டுக் கூண்டு பழைய வண்டியில் பெரும்பாலும் கழற்றிப் போடப்பட்டிருக்கும். அதைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்ட வேண்டும். ரேடியேட்டர் உட்கார்ந்திருக்கிற ரப்பர் புஷ் நைந்திருந்தால் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதிர்விலேயே மூட்டு விட்டுவிடும். ஊரில் இருக்கிற எந்த வெல்டிங் பட்டறையிலும் இது ஒருநாள் வேலை.

"வலை போட்டா காத்து போகாது தம்பி, அதனாலயே ஹீட் ஆகும்" என்று டிரைவர் அண்ணன்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. போட்டுவிட்டு மறந்துவிட்டால் நிச்சயம் ஹீட் ஆகும். அதனால்தான் உள்வலை உருவுகிற மாதிரி இருக்க வேண்டும் என்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் உருவித் தட்டிவிட்டுப் போட வேண்டும். சாயங்காலம் ரேடியேட்டரைக் கழுவும்போது ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் காற்றோ தண்ணீரோ அடிக்க வேண்டும். ஃபேன் உள்ளே இழுத்து வைத்ததை எதிர்த்திசையில்தான் வெளியே தள்ள முடியும். வாட்டர் சர்வீஸ் பம்பை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும், ஜாக்கிரதை!

ஆனால் இங்கே ஒரு நியாயம் பேச வேண்டும். வண்டி மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடுகிறது. நிறுத்தித் துடைக்கிற பத்து நிமிடத்துக்குத் தோப்புக்காரர் காசு தரமாட்டார். "ஏன் நின்னே?" என்று ஓனர் கேட்பார். எஞ்ஜின் பிடித்துவிட்டால் மட்டும் "நீதானே ஓட்டினே?" என்று டிரைவர் தலையில் கட்டுவார். இது என்ன நியாயம்? வலை வாங்கித் தர வேண்டியது ஓனர். துடைக்கிற நேரத்தை வாடகையில் சேர்த்துப் பேச வேண்டியதும் ஓனர். அதன் பிறகு கேள்வி கேட்கலாம்.

தண்ணியிலும் விஷயம் இருக்கு

போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறோம். வெந்நீர் போடுகிற குண்டானில் வெள்ளையாக ஏடு படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு, கால்சியம் கார்பனேட், ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. செம்பு சூட்டைக் கடத்துகிற வேகம் இந்த ஏட்டைவிட நூறு மடங்குக்கும் மேல். அப்படியானால் மெல்லிய ஏடு படிந்தாலும் செம்புக்குச் சட்டை போட்டு, அதன்மேல் ஸ்வெட்டரும் போட்ட மாதிரி! மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம். முடியாவிட்டால் கொதிக்கவைத்து ஆறித் தெளிந்த தண்ணீர். கூலண்ட் கலந்தால் இன்னும் நல்லது. நமது ஊரில் பனியில் உறைகிற பயமில்லைதான், ஆனால் துருப் பிடிக்காமல் அது காக்கும், கொதிநிலையும் கொஞ்சம் உயரும். ஒரு எச்சரிக்கை: கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், விஷம். வாய்க்காலிலோ தொழுவத்துப் பக்கமோ கொட்டாதீர்கள். ஆடு மாடு குடித்துவிடும்.

இன்னொன்று, மூடி. அந்த ஸ்பிரிங் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ அழுத்தம் இருந்தாலே கொதிநிலை 110 டிகிரியைத் தாண்டிவிடும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விட்டுப்போய், உள்ளே இருக்கிற தண்ணீர் அந்த நொடியே பொங்கி முகத்தில் அடிக்கும். கோணிச்சாக்கைப் போட்டுத் திறக்கிற வீரம் வேண்டாம். எஞ்ஜினை நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஆறின பிறகும் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றாதீர்கள். சூடான இரும்பு வெடிக்கும்.

காயம் பட்டால் வைத்தியம்

ஓட்டை விழுந்துவிட்டது. உடனே என்ன செய்கிறார்கள்? மஞ்சள்தூள், புகையிலைத் தூள், மேலே எம்-சீல்! நடுத்தோப்பில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர வேண்டுமென்றால் சரி, அவசர உதவி. ஆனால் அதையே வைத்தியம் என்று நினைத்தால், ஓட்டையை அடைக்கப் போட்ட தூள் நல்ல குழாயையும் சேர்த்து அடைக்கும்.

முறையான வேலை இப்படி. ரேடியேட்டரைக் கழற்றி, வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, லேசாகக் காற்றடிக்க வேண்டும். பஞ்சர் கடையில் டியூப் பார்க்கிற மாதிரிதான். குமிழி வருகிற இடம் ஓட்டை. அந்த இடத்தைச் செம்பு பளபளவென்று தெரிகிறவரை சுரண்ட வேண்டும். அழுக்கின்மேல் சால்டர் ஒட்டாது. அந்தக் காலத்தில் தெருவில் வந்து பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் போட்டுத் தேய்ப்பாரே, அதே வேலையை இங்கே ஜிங்க் போட்டு அடக்கிய ஆசிட் செய்யும். பக்கத்து மூட்டுகளின்மேல் ஈரத்துணி சுற்றிவிட்டுச் சூடு காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை ஒட்டும்போது நான்கு விட்டுவிடும். 60-க்கு 40 சால்டர் 190 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. முடிந்ததும் ஆசிட் போகக் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் அதுவே நாளைக்குப் புது ஓட்டை போடும். பிறகு மறுபடி தொட்டியில் முக்கிப் பார்க்க வேண்டும்.

நடுக்குழாயில் குத்தியிருந்தால் அந்தக் குழாயை மட்டும் இரண்டு முனையிலும் அடைத்துவிடலாம். ஒன்றிரண்டு என்றால் தாங்கும். அடைத்துக்கொண்டே போனால் பேருக்குத்தான் ரேடியேட்டர். உள்ளே உப்பு அடைத்திருந்தால் டாப் டேங்கைப் பிரித்துக் குழாய்க்குக் குழாய் ராடு விட வேண்டும். தகடுகள் கையால் தொட்டாலே உதிர்ந்தால் கோர் செத்துவிட்டது. டேங்குகளை வைத்துக்கொண்டு கோரை மட்டும் மாற்றுவதே புத்திசாலித்தனம். எல்லாவற்றையும் ஒட்டியே தீருவேன் என்று நான் வாதாடவில்லை.

"எதுக்கு வம்பு, புதுசு மாட்டு" என்பார்கள் சிலர். இப்போது வருகிற பலவும் அலுமினியம் கோர், பிளாஸ்டிக் டேங்க். எடை குறைவு, நன்றாகவும் குளிரும், பொய் சொல்லவில்லை. ஆனால் தோப்பில் குச்சி குத்தினால் நமது ஊர்ச் சால்டர் இரும்பு அதில் ஒட்டாது. பழைய செம்புக் கோர் நாலுதரம் அடிபட்டாலும் நாலுதரம் எழுந்து நிற்கும். கையில் இருப்பதைக் காப்பாற்றத் தெரியாமல் கடைக்கு ஓடுவது பொறியியல் ஆகாது.

நம் கையில் என்ன இருக்கிறது?

இப்போது நம்மிடம் வருகிறேன். பரீட்சையில் "ரேடியேட்டர் படம் வரைந்து பாகங்களைக் குறி" என்றால் அழகாக வரைகிறோம். ஒரு நிஜ ரேடியேட்டரைக் கொடுத்து, "ஓட்டை எங்கே, அடைத்துக் காட்டு" என்றால் எத்தனை பேர் முன்னால் வருவோம்?

எங்கள் வீட்டில் காலேஜுக்கு வந்த முதல் ஆள் நான். "படிச்சுட்டுக் கையில கரி படாத வேலைக்குப் போப்பா" என்றுதான் அனுப்பினார்கள். அந்த ஆசையில் தப்பே இல்லை, அவர்கள் பட்ட பாடு அப்படி. ஆனால் படித்தவன் கை வைக்க மாட்டான், கை வைக்கிறவன் படிக்கவில்லை என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கிடப்பதால்தான் மஞ்சள்தூள் வைத்தியம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. செம்பிலும் பித்தளையிலும் நமது மாவட்டத்துக்கு இருக்கிற கைத்திறமை சாதாரணமா? நாச்சியார்கோயில் விளக்கு உலகத்துக்கே தெரியும். ரேடியேட்டர் பற்றவைக்கிறவர் கையும் அதே வரிசையில் வைத்து மதிக்க வேண்டிய கைதான்.

அந்தக் கைக்கு ஆபத்தும் உண்டு. காரீயப் புகையும் தூசும் உடம்பில் சேரச் சேர நரம்பையும் ரத்தத்தையும் கெடுக்கும். காற்றோட்டமான இடம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி அதன் பிறகு சாப்பாடு, வேலைத்துணியோடு குழந்தையைத் தூக்காமை... இதையெல்லாம் போய்ச் சொல்ல வேண்டியது யார்? படித்த நாம்தான்!

நமது சங்கத்துக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று: நமது ஒர்க்ஷாப்பில் காயலான் கடையிலிருந்து இரண்டு பழைய செம்பு ரேடியேட்டர், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கால்பம்பு வாங்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு மாணவனும் குமிழி வராத ஒரு மூட்டாவது போட்டுவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

இரண்டு: வருடத்தில் ஒருநாள் ஒரு ரேடியேட்டர் மெக்கானிக்கை அழைத்து வந்து, சன்மானம் கொடுத்து, ஆசிரியராக நிறுத்திப் பாடம் கேட்க வேண்டும். அவர் கை வித்தையை நமக்குத் தரட்டும். காரீயத்தின் கெடுதலை நாம் அவருக்குச் சொல்வோம்.

மூன்று: என்.எஸ்.எஸ். முகாமில் கோயில் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், நல்லது. அதோடு மே மாதத்தில், மேட்டூர் திறப்பதற்கு முன்னால், ஒரு கிராமத்தில் பழைய டிராக்டர்களை வரிசையாக நிறுத்தி ரேடியேட்டர் கழுவி, ஃபேன் பெல்ட் பார்த்து, அளவெடுத்து வலை மாட்டித் தருவோம். பொருளுக்கு மட்டும் ஓனர் காசு கொடுக்கட்டும், உழைப்பு நம்முடையது.

ஐந்து ஆறுகள் பெயரில் ஊரை வைத்துக்கொண்டு, தண்ணீர் இல்லாமல் ஒரு எஞ்ஜின் வெந்து சாவதை வேடிக்கை பார்ப்பது நமக்கு அழகா? தண்ணி கொதித்த பிறகு தலையில் கை வைத்துப் பயனில்லை தோழர்களே. கொதிப்பதற்கு முன் ரேடியேட்டரில் கை வைப்போம்!

– ஒரு மெக்கானிக்கல் பிரிவு மாணவன்